ஜன்னலம்மா எடுத்த பாலிசி

போக்குவரத்து அலுவலகத்தின் புகார் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு ஜன்னலம்மா என்றே பேர் நிலைத்துவிட்டது. பஸ் நிற்கவில்லை, மீதிச் சில்லறை தரவில்லை என்று வருகிறவர்கள் பாதிச் சண்டையை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டுத்தான் அவர் முன் வந்து நிற்பார்கள். அவர் குரலை உயர்த்தியதே இல்லை. "முதல்ல தேதியைச் சொல்லுங்க" என்பார். தேதியை யோசிப்பதற்குள் வந்தவருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

ஓய்வு பெற்றபோது அவருக்கென்று ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே ஒரு போட்டோ ஸ்டுடியோ, மேலே வேலைக்குப் போகும் ஒரு தம்பதி, இரண்டும் வாடகைக்கு. ஜன்னலம்மாவும் கணவரும் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். கட்டடத்தின் மேல் கடன் இருந்தவரை வங்கியே காப்பீடு போட்டுவைத்திருந்தது. கடன் அடைந்த மாதத்தோடு அதுவும் முடிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய கட்டடம். அதைப் பாதுகாப்பில்லாமல் நாள் கணக்கில் விட்டுவைக்க அவருக்கு மனமில்லை.

விஷயம் காதில் விழுந்ததும் முதல் ஆளாக வந்து நின்றவர் கொழுந்தன். கணவரின் தம்பி. பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஏஜென்ட். விண்ணப்பத்தை அவரே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணி, நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"கண்ணை மூடிக்கிட்டா எங்க போடுறதுன்னு தெரியாதே, தம்பி."

கணவர் சமையலறையிலிருந்து சிரித்தார். ஜன்னலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. 'உரிமையாளர் குடியிருக்கும் வீடு' என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது.

"நான் அங்க குடியிருக்கலையே?"

"அது ஒரு பேச்சுக்குத்தான், அண்ணி. வாடகை வீடுன்னு போட்டா பிரீமியம் ஏறும். உங்களுக்கு மிச்சம் பண்ணித்தான் கொடுத்திருக்கேன்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க முதல்ல இந்தக் கட்டத்தைத்தானே பார்ப்பாங்க? நீ மிச்சம் பிடிச்சது மொத்தமும் அன்னைக்கே போயிடும்."

கொழுந்தன் முகம் சுண்டிப்போனது. காபி குடித்த டம்ளரைக்கூடக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"அவன் மனசு நோகுமே" என்றார் கணவர்.

"நோகட்டும், ரெண்டு வாரத்துல சரியாயிடும். கட்டடத்துக்கு ஏதாவது ஆனா அது ரெண்டு வாரத்துல சரியாகாது."

மறுநாள் காலை அவர் கிளம்பிப் போனது ஏஜென்ட்டுகளைத் தேடி அல்ல. ஒரு இடத்தின் லட்சணம் புகாரோடு வருகிறவனை அது எப்படி நடத்துகிறது என்பதில்தான் தெரியும், இது அவருடைய அனுபவம். அதனால் இழப்பீடு கேட்டு வருகிறவர்களைக் கவனிக்கும் கிளைம் பிரிவுகளுக்கே நேராகப் போனார். கொழுந்தனுடைய நிறுவனத்தில் பாலிசி விற்கும் பிரிவு கீழ்த்தளத்தில், சோபாவும் குளிர்ந்த தண்ணீருமாக இருந்தது. கிளைம் பிரிவு மூன்றாம் மாடியில். ஒரே நாற்காலி, அதற்கும் ஒரு கால் ஆட்டம். 'செவ்வாய், வியாழன் மட்டும்' என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். அவர் போனது புதன்கிழமை.

அடுத்த நிறுவனம் சிறியது. வாசலை ஒட்டியே கிளைம் மேசை. ஜன்னலம்மா அங்கே பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, கிளைம் வேலை முடித்து வெளியே வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். தகவல் சொல்லி எத்தனையாவது நாள் ஆள் வந்தது? ஒவ்வொரு தடவையும் புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்ததா? கேட்டது முழுசாகக் கிடைத்ததா?

கிடங்குக் கூரை சரிந்த ஒருவர் முணுமுணுத்தார். "முழுசா எங்க கொடுத்தான். கால்வாசி வெட்டிட்டான்."

"காரணம் சொன்னாங்களா?"

"சொல்லாம என்ன. ரெண்டு பக்கத்துக்கு எழுதியே கொடுத்துட்டான். பழைய தகடாம். பழசுதான், வச்சுக்குங்க."

புகழ்ந்து பேசிய நாலு பேரைவிட அந்த முணுமுணுப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

மதியம் ஒரு மணிவாக்கில் கிளைம் அதிகாரியே எழுந்து வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண்.

"காலைலேருந்து உக்காந்திருக்கீங்களே அம்மா, என்ன சேதம்?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை. ஆனா என்ன பண்ணுவீங்கன்னு பார்க்க வந்தேன்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்பதிலிருந்து தொடங்கினார். நாள்பட்ட கசிவுக்கு இல்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இல்லை. குடியிருப்பவர்களின் சாமான்களுக்கு இல்லை, அதற்கு அவர்களே தனியாக எடுக்க வேண்டும். பழுதுபார்க்கும் காலத்தில் நின்றுபோகும் வாடகைக்கு உண்டு, ஆனால் அதைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். படியில் யாராவது விழுந்தால் வரும் செலவுக்கும் அப்படித்தான்.

ஜன்னலம்மா இரண்டையும் சேர்க்கச் சொன்னார். 'வாடகைக்கு விட்ட கட்டடம்' என்ற கட்டத்தில் தன் கையாலேயே டிக் போட்டார்.

பிறகு ஸ்டுடியோக்காரரிடம், "உங்க கேமராவும் மெஷினும் என் பாலிசில வராது. நீங்க தனியா எடுத்துடுங்க" என்றார். எங்கே, எப்படி எடுப்பது என்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்தார். ஜன்னலம்மாவே கொழுந்தனுக்குப் போன் செய்து வரவழைத்தார். கடைச் சாமான் பாலிசியில் கொழுந்தனின் நிறுவனம் பரவாயில்லை என்று அதற்குள் விசாரித்து வைத்திருந்தார். கொழுந்தன் விறைப்பாகத்தான் வந்தார். ஆனால் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் இந்தத் தடவை சத்தமாகப் படித்துவிட்டுத்தான் நிரப்பினார்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிக் குளியலறைச் சுவருக்குள் ஓடிய குழாய் வெடித்தது. தம்பதி போன் செய்து, ஜன்னலம்மா ஓடிவந்து மெயின் வால்வை மூடுவதற்குள் ஸ்டுடியோவின் கூரைப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து மெஷின்மேல் விழுந்திருந்தது. கடை விடுமுறை என்பதால் யாருக்கும் அடி இல்லை. தகவல் தெரிந்து வந்து துடைப்பத்தை எடுத்த ஸ்டுடியோக்காரரை அவர் தடுத்தார்.

"பெருக்காதீங்க. முதல்ல படம் எடுங்க. உங்க தொழில்தானே?"

மறுநாள் மதியமே சேதத்தை மதிப்பிட நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்து, "இது பழைய கசிவு மாதிரி இருக்கே" என்று இழுத்தார். ஜன்னலம்மா அசரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் பிளம்பர் வந்து பார்த்துக் கசிவு இல்லை என்று எழுதிக் கொடுத்த, தேதி போட்ட ரசீதையும், தம்பதி குடிவந்த அன்று எடுத்த சுவரின் படத்தையும் நீட்டினார். சர்வேயர் இரண்டையும் வாங்கி நிதானமாகப் பார்த்தார். அதன்பின் 'பழைய' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

வெடித்த குழாய்க்கு மட்டும் தரமாட்டார்களாம். அதிகாரி காரணத்தை எழுதியே கொடுத்தார். கூரை, வயரிங், ஆறு வார வாடகை எல்லாம் வந்துசேர்ந்தது. ஸ்டுடியோக்காரரின் மெஷினுக்குக் கொழுந்தன் அந்த மூன்றாம் மாடிக்கு நாலு நடை நடந்தார். பணம் கைக்கு வந்த அன்று நேராக அண்ணி வீட்டுக்கு வந்து, "அந்த ஒத்தை நாற்காலி இருக்கே, அதைப் பத்தி மேல எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். கணவர் தட்டெடுத்து வைத்தார். அன்று கொழுந்தன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏழாம் வாரம் ஸ்டுடியோ திறந்தது. புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பெரிய படம் ஒன்றை மாட்ட ஆணியும் சுத்தியலுமாக நின்றார் ஸ்டுடியோக்காரர்.

"இருங்க, இருங்க" என்றபடி ஜன்னலம்மா சாக்பீஸோடு உள்ளே வந்து, குழாய் போகும் வழியைச் சுவரில் நீளமாகக் கோடு போட்டுக் காட்டினார். "இதுக்கு இந்தப் பக்கம் எங்க வேணாலும் அடிங்க."