அப்பா சொன்ன சாட்சி

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பெரும்பாலும் சின்னச் சாட்சிகளாகத்தான் இருக்கும். காய்ச்சல் விட்டது, காணாமல்போன கேஸ் சிலிண்டர் புத்தகம் கிடைத்தது, மகனுக்குக் கம்பெனியில் வேலை பர்மனென்ட் ஆனது. ஒவ்வொன்றுக்கும் சபையார் அல்லேலூயா சொல்வார்கள். நன்மை பெரிதாக இருந்தால் அல்லேலூயாவும் பெரிதாக வரும் என்பதை மூன்றாம் வகுப்பிலேயே நான் கவனித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து அதுவரை யாரும் எழுந்ததில்லை. அந்த வருஷம்தான் எங்களுக்கு ஒரு பெரிய சாட்சி வாய்த்தது.

புதுவாயல் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். என் காலத்தில் அங்கே வயல் என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிச்சமில்லை. தாத்தா நாற்று நட்ட இடத்தில் கம்பெனி காம்பவுண்டுகள் நின்றன. அப்பாவும் மாமாவும் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஒரு கம்பெனியில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். மாமா என்றால் அப்பாவுடைய அக்காவின் புருஷன். அத்தைக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால், பாதி நாள் நான் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சாப்பிட்டுத் தூங்குவேன்.

ஒரு நாள் காலை உலை வெடித்தது. உள்ளே கொட்டிய பழைய இரும்பில் வாய் மூடிய சிலிண்டர் ஏதோ கலந்திருந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். உருகிய இரும்பு கூரை வரைக்கும் எழும்பித் திரும்பக் கொட்டியதாம். அப்பா தள்ளி இருந்ததால் கழுத்திலும் முதுகிலும் தெறித்ததோடு போயிற்று. மாமா உலைக்கு நேர் முன்னால் நின்றிருந்தார். இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள்.

சபை உபவாசம் இருந்தது. எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, பெண்கள் காலை முதல் முழங்காலில் நின்றார்கள். அம்மாவும் அத்தையும் தோளோடு தோள் இடிக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஜெபித்தார்கள். நானும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நீர் பெரியவர், நீர் இரக்கமுள்ளவர் என்று எல்லோரும் சொன்னதைச் சொன்னேன். இரண்டு பேர் பெயரையும் சேர்த்தேதான் சொன்னோம். இவருக்கு ஒரு ஜெபம், அவருக்கு ஒரு ஜெபம் என்று நாங்கள் பிரித்து வைக்கவில்லை. அம்மா மட்டும் இடையில் ஒரு பொருத்தனை செய்தாள்.

"அவர உயிரோட ஊட்டுக்கு அனுப்புப்பா. சபை நடுவுல நிக்க வெச்சு உன் மகிமைய சொல்ல வெக்கிறேன்."

அப்பா கழுத்தில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். மாமாவும் வந்தார். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது வெள்ளைத் துணியில் தலை முதல் கால் வரை சுற்றியிருந்தார்கள். துணியைப் பிரிக்கக் கூடாது என்று ஆண்கள் சொன்னார்கள். முகத்தை மட்டும் ஒரு தடவை காட்டச் சொல்லி அத்தை கேட்டாள். பிறகு அவள் துணியின் மேலேயே கையை வைத்து, எது தலை எது கால் என்று மெல்லத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா கூட்டத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றார்.

அடக்கம் முடிந்து சில வாரங்களில் அப்பாவின் காயம் ஆறத் தொடங்கியது. அம்மா பொருத்தனைப் பேச்சை எடுத்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமையாவது எழுந்து நின்னு சொல்லுய்யா. எல்லாரும் கேக்கறாங்க. ஆண்டவருக்கு வாக்கு குடுத்துட்டு சொல்லாம இருந்தா நல்லதில்ல."

"அக்கா அங்க குந்திகினு இருக்கும். அது முன்னால நின்னு, என்னக் காப்பாத்துனாருன்னு சொல்லவா? அப்ப மாமாவ இன்னா பண்ணாருன்னு கேட்டா?"

"அப்டிலாம் பேசாத. வாயக் கழுவு மொதல்ல."

அப்பா வாயைக் கழுவவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே பேச்சு நடந்தது. எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் சொல்ல வேண்டிய சாட்சியை நானே மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் நெருப்பு வரும், நெருப்புக்கு நடுவே ஒரு தூதன் வருவான், அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தூக்கிப் போடுவான். மாமா என் சாட்சியில் வரவில்லை. அவரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் எதிர்பாராத நேரத்தில், அப்பா எழுந்தார். பாஸ்டர் முகம் மலர்ந்து, "வாங்க பிரதர், கர்த்தர் செஞ்ச பெரிய காரியத்த சொல்லுங்க" என்று மைக்கைக் கொடுத்தார். அம்மா அப்போதே முந்தானையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். நான் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்தில், தூணுக்கு அருகே போட்ட நாற்காலியில் அத்தை இருந்தாள்.

அப்பா மைக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

"அன்னிக்கு எனக்கு டபுள் ஷிப்ட். கண்ணு சொருவிகினே இருந்துச்சு. உலை முன்னால நிக்க வேண்டியவன் நானு. மாமா வந்து, 'டேய், தூக்கத்துல உள்ள உழுந்துடப் போற. நீ அந்தாண்ட போய் குந்து, நான் பாத்துக்கறேன்'னாரு. நானும் போய் குந்துனேன். கண்ண மூடிட்டேன். அப்பறம் சத்தந்தான் கேட்டுச்சு."

அவர் தூண் பக்கம் திரும்பினார்.

"அது என் எடம்க்கா."

அவ்வளவுதான். அதில் தூதன் இல்லை, ஆண்டவரின் பெயர்கூட இல்லை. அல்லேலூயாவுக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. கேஸ் புத்தகத்துக்குக் கிடைத்த அல்லேலூயா எங்கள் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை என்று எனக்கு அழுகை முட்டியது.

அத்தை எழுந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. முன் சுவரில் இருந்த சிலுவையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு, பள்ளியில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்வதுபோல, ஏற்றமோ இறக்கமோ இல்லாத குரலில் சொன்னாள்.

"ஸ்தோத்திரம்."

பழக்கத்தில் சபை முழுவதும் "அல்லேலூயா" என்றது. அதுவரை நான் கேட்டதிலேயே பெரிய அல்லேலூயா அதுதான். அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் அவர்கள் அதில் விட்டார்கள் போல. உடனே யாரோ பாட்டெடுக்க, கஞ்சிரா சேர்ந்துகொண்டது. கெட்டுப்போன சாட்சியை அத்தை ஒரே வார்த்தையில் சரி செய்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவளிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது. வாசலுக்கு வெளியே, வெயிலில், அவள் மட்டும் தனியாக ரோட்டோரம் போய்க்கொண்டிருந்தாள்.

அன்று மதியம் அம்மா கறிக்குழம்பு வைத்திருந்தாள். அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் கை வைக்கவில்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை. பொருத்தனை நிறைவேறிய வீடு மாதிரி அது இல்லை. அம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பும் சோறும் போட்டு என்னிடம் கொடுத்து அத்தை வீட்டுக்கு அனுப்பினாள்.

பகலில் ஒருநாளும் சாத்தாத கதவு சாத்தியிருந்தது. இரண்டு மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் அத்தை திறந்தாள். கிண்ணத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்கப்பன் சாப்ட்டானா?"

"இல்ல அத்தை. சும்மா குந்திகினு இருக்குது."

அத்தை சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அப்பா இருந்தார். அவளுடைய வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. திட்டப் போகிறாள் என்று நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"போய் சாப்ட சொல்லு பாப்பா. அக்கா சொல்லுச்சுன்னு சொல்லு."

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் ஓடிவந்து சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார். அத்தை என்ன சொன்னாள் என்று திரும்பக் கேட்டார். திரும்பவும் சொன்னேன். அவர் தட்டை இழுத்து, சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் வாயில் வைத்தார். வைத்ததும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்டியது. மெல்லவும் முடியாமல், துப்பவும் முடியாமல் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழம்பில் காரம் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்து அப்பாவின் பக்கத்தில் வைத்தேன்.