கமராவுக்குப் பின்னால் நின்றவள்

காலை ஒன்பது இருபது. என் மகளின் திருமணம் நின்றுவிட்டது என்று நான் பொய் சொன்ன நேரம் அது.

படம் எடுக்க வரவிருந்த, மதுராவின் தோழி நந்தினிக்குத்தான் அப்படி எழுதினேன். சிக்னல் தேடி, விடுதியின் பின்புறம் செம்மறிகள் மேயும் வேலிவரை நடந்துபோய் அனுப்பினேன். உள்ளே என் மகள் மதுரா கூறைச்சேலை உடுத்திக்கொண்டிருந்தாள்.

ஏன் செய்தேன்? உங்களிடம் சொல்லும்போதாவது எனக்கு விளங்குமா என்று பார்க்கிறேன்...

மெல்பேணிலிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில், கற்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு பழைய நாட்டுப்புற விடுதி. இரு வீட்டாரும் சில நண்பர்களும்தான். ஐயர் இல்லை. அன்று காலை தேநீர்க் கோப்பையோடு வந்து மதுரா சொன்னாள்:

“அம்மா, தாலிய நீங்கதான் டானியலிட்ட எடுத்துக் குடுக்கிறீங்கள். ஓகே?”

“நானோ? அப்பா இல்லாம நான் எப்பிடிப் பிள்ளை...”

“அம்மா, ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. நீங்க ஒரு பார்மசிஸ்ட்.”

உண்மைதான். கணவர் இறந்து ஆறு வருடம். கைம்பெண் தாலியைத் தொடக்கூடாது என்பதை நம்புகிறவள் அல்ல நான். வேறொரு திருமணத்தில், கணவரை இழந்த என் தோழி பின்வரிசையில் ஒதுங்கி நின்றபோது, கையைப் பிடித்து அவளை மணவறைக்கு இழுத்துப் போனவளே நான்தான்!

என் மகள் என்றதும்... இல்லை, அப்போதும் நம்பவில்லை. ஆனால் ஒருவேளை?

வீட்டிலிருந்து கொண்டுவந்த கமரா என் கையில் இருந்தால் என்னை யாரும் முன்னுக்கு அழைக்க முடியாது. அதற்கு நந்தினி வரக்கூடாது. ‘வரவேண்டாம்’ என்று எழுதினால் மதுராவை அழைத்துக் காரணம் கேட்பாள். ‘நின்றுவிட்டது’ என்றால் யார் கேட்பார்கள்? அபசகுனத்துக்குப் பயந்த நானே அதை என் விரலால் எழுதினேன். அது அப்போது உறைக்கவே இல்லை.

“நந்தினியின்ர கார் பழுதாம் பிள்ளை. படத்தை நான் எடுக்கிறன். தாலியை டானியலின்ர அம்மா எடுத்துக் குடுக்கட்டும்.”

மதுரா என்னையே பார்த்தாள். “ஆர் யூ ஷுவர்?” என்று மட்டும் கேட்டாள்.

எடுத்தேன். டானியல் முடிச்சுப் போடத் தெரியாமல் தடுமாற, சாரணர் வகுப்பில் பழகியதைப் போடு என்று அவனுடைய அப்பா ஆங்கிலத்தில் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். பாதிப் படங்கள் மங்கல். தெளிவாக விழுந்தவற்றில் மதுரா டானியலைப் பார்க்கவில்லை. கமராவைப் பார்க்கிறாள். என்னை.

அந்தப் படங்களை நான் இன்னும் அவளுக்கு அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் அழைக்கிறாள். மழையைப் பற்றிக் கதைக்கிறாள், வைத்துவிடுகிறாள். என்னைத் திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்குமா? தெரியவில்லை...

அன்று விருந்தினர் சாப்பிட உட்கார்ந்த நேரம், கதவைத் தள்ளிக்கொண்டு நந்தினி வந்தாள். கையில் கமரா இல்லை. கழுத்தில் புதுத் தாலியோடு கதவோரம் நின்ற மதுராவைக் கவனிக்காமல், நேரே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“மெசேஜ் பார்த்துட்டுப் பாதி வழியில வண்டியைத் திருப்பிட்டேன் ஆன்ட்டி. ஆனா மனசு கேக்கல. கல்யாணம் நின்னுபோச்சுன்னு எழுதியிருந்தீங்களே... மதுரா எங்க? அவகூடக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்.”