ள இல்லாத பெட்டி

முதலில் ஒரு மன்னிப்பு. கொம்பியூட்டரைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஓ.எல். பரீட்சையில் கணக்கை இரண்டாம் தடவைதான் பாஸ் பண்ணினேன். அதோடு படிப்பும் முடிந்தது. வாராவாரம் இந்த மூலையில் மாடு, மழை, வராத பஸ் என்று எதையாவது சொல்லிவிட்டுப் போகிறவன், திடீரென்று மக்ரோ என்று தொடங்கினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். கோபிக்க மாட்டேன்.

ஆனால் போன புதன்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். வாயால் சொல்ல வெட்கம். அதனால் எழுதுகிறேன். நடந்தது முழுவதும் இந்த வெட்கத்தால் வந்த வினைதான்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கத்தில் நான் பதிவு எழுதுகிறேன். ஆட்களோடு கதைப்பதென்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். சேர்ந்த புதிதில், நான் வாய் பேசாதவன் என்று நினைத்த ஒரு அம்மா தன் வயல், அதன் அளவு, அதை யானை மிதித்தது எல்லாவற்றையும் கைச் சைகையிலேயே விளக்கினார். யானைக்குத் தும்பிக்கை கூடக் காட்டினார். அவ்வளவு பாடுபட்டவரிடம், எனக்குக் குரல் இருக்கிறது என்று சொல்ல மனம் வருமா? இன்றுவரை அவருக்குத் தலைதான் ஆட்டுகிறேன்.

இப்போது காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, விதைநெல் பதிவு. ஒவ்வொருவரிடமும் மூன்று விவரம் வேண்டும். பெயர், ஏக்கர், வயல் எந்தக் குளத்தின் கீழ் என்பது. குளம் முக்கியம். லொறி அந்தந்தக் குளக்கட்டுக்கே போய் மூட்டைகளை இறக்கும். குளம் தெரியாதவர்களை ‘இதர’ என்று போடுவோம். இதரக்காரர்கள் சங்கத்துக்கு வந்து தாங்களே தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

பெயரையும் ஏக்கரையும் ஆட்கள் தாமாகவே சொல்லிவிடுவார்கள். குளத்தை மட்டும் சொல்வதில்லை. தங்கள் குளம் உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பு. நாம்தான் கேட்கவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம்... நானா?

அப்போதுதான் யூடியூப்பில் மக்ரோவைக் கண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாம் சொல்லவேண்டியதை முன்கூட்டியே, சங்கத்துப் பதிவு இருக்கும் கொம்பியூட்டர் ஸ்பிரெட்ஷீட்டிடம் எழுதிக் கொடுத்துவைப்பது, அவ்வளவுதான். குளத்துக்கான கட்டம் வெறுமையாக இருக்கும்போது ‘சேமி’ என்பதை அழுத்தினால், திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வரும். நமக்குப் பதிலாக அது கேட்கும். கீழே ஓகே என்று ஒரு பொத்தான்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு வாய் கிடைத்தது!

ஒரு கிழமையாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் குந்தியிருந்து எழுதினேன். திரையை, எதிரே இருப்பவருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தேன். முதல் நாள், முதல் ஆள். ‘சேமி’யை அழுத்தினேன். பெட்டி குதித்தது.

????? ????? ???

அந்தப் பெட்டிக்குத் தமிழ் எழுத்து வராதாம். வந்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, இவ்வளவு கேள்விக்கும் நான் மறுமொழி சொல்லோணுமோ?”

எங்கள் செயலாளர் ரஞ்சி அக்காதான் வழி சொன்னார். “வட்ஸ்அப்பில எல்லாரும் இங்கிலீஸ் எழுத்திலதானே தமிழ் அடிக்கினம். அப்பிடிப் போடுங்கோவன்.”

போட்டேன். ‘Ungal kulam ethu?’ என்று. அதற்கும் பதில் வராமல் இரண்டாம் தடவை ‘சேமி’யை அழுத்தினால், சிவப்பு நிறத்தில், பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்ட இன்னொரு பெட்டி ‘டொங்’ என்ற சத்தத்தோடு வரும்: ‘Kulam sollamal pathiya mudiyathu!’ கடைசியில் அந்த ஆச்சரியக் குறியைப் போட்டபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வாழ்நாளில் யாரையும் அதட்டிக் கதைத்தவன் இல்லை நான்.

இரண்டு நாள் ஒரு பிரச்சினையும் இல்லை. பெட்டி கேட்டது, ஆட்கள் சொன்னார்கள், நான் எழுதினேன். குனிந்த தலை நிமிரவில்லை. சொர்க்கம்.

புதன்கிழமை, பதிவின் கடைசி நாள். காலையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஐயா வந்தார். பெட்டியை வாசித்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்து, காதுக்குள் ஒரு சொல் சொன்னார்.

பட்டியலில் தேடினேன். அப்படி ஒரு குளம் இல்லை. சின்னக் குளமாக இருக்கும் என்று நினைத்து, வாயைத் திறந்து ஒரே ஒரு சொல் கேட்டேன்.

“சின்னதோ?”

அவருடைய முகம் கறுத்துவிட்டது. “சின்னதோ? என்ன கதை கதைக்கிறீர்! இந்தப் பகுதியிலேயே நாங்கள்தான் பெரிசு!”

பேசாமல் ‘இதர’ என்று போட்டேன்.

மத்தியானம் ஒரு மணி போல சிவபாதம் அண்ணை வந்தார். போன போகம் வெள்ளத்தில் அவருடைய மூன்று ஏக்கரும் போனது. வீட்டில் விதைக்கென்று ஒரு கைப்பிடி நெல்லும் மிஞ்சவில்லை. இந்தப் பட்டியலில் பெயர் வராவிட்டால் அவருடைய வயல் இந்தப் போகம் சும்மாதான் கிடக்கும். எனக்கு அது தெரியும். அதனால் கவனமாகவே எழுதினேன். பெயர், ஏக்கர், ‘சேமி’.

பெட்டி குதித்தது.

பதில் இல்லை. காதில் விழவில்லையாக்கும்... பெட்டிக்கு ஏது குரல், கண்ணில் படவில்லையாக்கும் என்று நினைத்து, தலை நிமிராமலே திரும்ப அழுத்தினேன்.

‘டொங்!’

கதிரை பின்னால் சரிந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். சிவபாதம் அண்ணை எழும்பி நிற்கிறார்.

“இஞ்ச பாரும் தம்பி. முகாமில ஒரு கூடாரத்துக்குள்ள பதினொரு பேர் படுத்து எழும்பினனாங்கள். ஒரே பானைக் கஞ்சி. அப்ப ஆரும் ஆரையும் கேக்கேல்லை. இப்ப விதைநெல்லுக்குக் கேக்கிறியளோ? உங்கட நெல்லை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு வேண்டாம்!”

போய்விட்டார். அறை முழுவதும் என்னைப் பார்த்தது. நான் என்ன கேட்டேன்? குளம்தானே கேட்டேன்!

ரஞ்சி அக்கா வந்து திரையைப் பார்த்தார். சத்தமாக வாசித்தார். “உங்கள் குளம் எது...” நின்றார். திரும்ப வாசித்தார். இந்தத் தடவை நாக்கை மேலே மடிக்காமல், பல்லுக்குப் பின்னால் வைத்து.

“ஐயோ... உங்கள் குலம் எது! குலம் சொல்லாமல் பதிய முடியாது! அதுக்கொரு ஆச்சரியக் குறி வேற!”

இங்கிலீஸ் எழுத்தில் ள கிடையாது. ல மட்டும்தான். ஊர்ப் பெயரில் பாதி குளத்தில் முடிகிற வன்னியில் குந்தியிருந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் சாதி கேட்டிருக்கிறேன். அதுவும் ஓகே என்ற ஒரேயொரு பொத்தானை வைத்துக்கொண்டு. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, ஓகே என்று மட்டும் சொல்ல விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

வெள்ளை வேட்டி ஐயா காதுக்குள் சொன்னது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதைப்போய்ச் சின்னதோ என்று கேட்டிருக்கிறேன்!

“நாலு மணிக்குப் பதிவு மூடும். அவர் வந்து கையெழுத்துப் போடோணும்,” என்றார் ரஞ்சி அக்கா. சிவபாதம் அண்ணைக்கு மூன்று மணி வரை திரும்பத் திரும்பப் போன் எடுத்தார். அவர் எடுக்கவில்லை. “நீங்கள்தான் போகோணும்.”

“நானோ?”

“பெட்டியை அனுப்பேலாதே!”

மோட்டார் சைக்கிளில் போகும்போது வழிநெடுகப் பாடமாக்கினேன். ‘அண்ணை, அது ல இல்லை, ள. ள அண்ணை, ள.’ எதிரே மாடுகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒதுங்கி நின்று வழி விட்டார்.

படலையைத் தட்டினேன். சரசக்கா, அண்ணையின் மனைவி, குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஆர்? ஓ... குலம் கேக்கிற ஆளோ? இஞ்சேருங்கோ, அவர் வீட்டுக்கே வந்திட்டார்!”

சிவபாதம் அண்ணை முற்றத்தில் கதிரையில் இருந்தார். “வாரும். சாதகமும் கொண்டு வரட்டோ?”

பாடமாக்கியது எல்லாம் போய்விட்டது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ள வரவில்லை, ல வரவில்லை, ஒரு எழுத்தும் வரவில்லை. தும்பிக்கை காட்டிய அம்மாதான் நினைவுக்கு வந்தார். கையை நீட்டி, வேலிக்கு அங்காலே காட்டினேன்.

“அண்ணை... அது.”

“எது?”

“அது.”

“மாடோ?”

“இல்லை.”

“பனையோ? உமக்குப் பனங்காய் வேணுமோ?”

“இல்லை... அதுக்குப் பின்னால.”

“பின்னால குளமெல்லோ கிடக்கு.”

“ஓம்!” கத்திவிட்டேன். “அதுதான் அண்ணை! அதைத்தான் கேட்டனான்! இங்கிலீசில ள இல்லை அண்ணை!”

அவர் குளக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பக் குளக்கட்டைப் பார்த்தார். முதலில் சிரித்தது குசினிதான். கரண்டி கீழே விழுந்த சத்தமும் கேட்டது.

“நல்ல காலம் வந்தீங்கள்,” என்றார் சரசக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உங்களைப் பற்றி மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறம். இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினனான். ரெண்டு பக்கம் முடிஞ்சுது.”

“அதில என்னை என்னெண்டு எழுதினனீங்கள் அக்கா?”

“அதை விடுங்கோ. கிழிச்சுப் போடுறன்.”

மூன்றரை மணி. அண்ணை சேர்ட்டை மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் ஏறினார். பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

“தம்பி, உமக்கு நல்ல குரல்தானே. பிறகேன் பெட்டியைக் கேக்க விட்டனீர்? நீர் வாயால கேட்டிருந்தா நான் ஒரு சொல்லில சொல்லியிருப்பன்.”

நாம் வெட்கத்துக்குப் போடும் முள்வேலிகள் எல்லாம் அடுத்தவர் காலில்தான் குத்தும் போல.

சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலுக்குப் பத்து நிமிஷம். பெயர். ஏக்கர். பெட்டி குதிக்கும் முன்னம் நானே நிமிர்ந்து கேட்டேன்.

“அண்ணை, எந்தக் குளம்?”

அறையிலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் இருந்த யானை அம்மா, கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

“கருங்காலிக் குளம்,” என்றார் சிவபாதம் அண்ணை. “ள தம்பி. ள போட்டு எழுதும்.” கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் காலை மக்ரோவை அழித்தேன். பட்டியல் போகும் முன்னம், வெள்ளை வேட்டி ஐயாவுக்கு நானே போன் எடுத்து, “ஐயா, உங்கட குளம் எது?” என்று ள சுத்தமாகக் கேட்டேன். “நேற்று உம்மட காதுக்குள்ளயே சொன்னனான் எல்லோ!” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். பத்தரை மணிக்குப் பட்டியல் போனது. அவர் இன்னும் ‘இதர’தான்.