மணி கேட்காத மில்லில் ஒரு ஞாயிறு: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போய் வந்தேன். மலையும் கோயிலும் பார்ப்பது இரண்டாவது காரணம்தான். மதுரையில் நான் சைகை மொழி கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் படித்த மலர்க்கொடிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை செய்கிறாள். வீடியோ காலில் வந்து, "ஞாயிற்றுக்கிழமை மில்லில் கூட்டம். எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. குரல் கொடுக்க வர முடியுமா?" என்று கைகளால் கேட்டாள். முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிக் காட்டுவதாகவும் சொன்னாள்.

மாட்டுத்தாவணியில் காலை ஆறரைக்குப் பஸ். ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். இரண்டேகால் மணி நேரம். டிக்கெட் தொண்ணூறு ரூபாய். வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும்.

மலர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். மில்லுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று பின்னால் இருந்து அவள் கையை நீட்ட நீட்ட, ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தே ஓட்டினார். இறங்கும்போது என்னிடம், "இவுக அளவுக்கு யாரும் வழி காட்டுனதில்லக்கா. மத்தவுக போன்ல பேசிக்கிட்டே லெஃப்டும்பாக, திரும்புன பொறவு ரைட்டும்பாக" என்றார். அதை மலருக்குச் சொன்னேன். சிரித்தாள். ஆனால் கேட்டை நெருங்க நெருங்க அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

காரணம் இதுதான். சில வாரங்களுக்கு முன் பஞ்சு சிக்கெடுக்கும் பிரிவில் லேசாகப் புகை கிளம்பியிருக்கிறது. அபாய மணி அடித்து, எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். மலர் மட்டும் குனிந்து நூல் கோன் மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து மிஷினில் வேலை செய்யும் சுப்புத்தாய் அக்கா திரும்பி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அந்தப் பெரிய கூடத்தில் வேறு ஒருவரும் இல்லை. புகை சீக்கிரமே அடங்கிவிட்டது. மலருக்குத்தான் பல நாள் தூக்கம் இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையை வகுப்பில் நான் நடத்துவதுண்டு. ஆபத்து நேரத்தில் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அதில் இருக்கிறது. நம் நாடும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வரி ஒரு மில்லுக்குள் வந்து சேர எவ்வளவு தூரம் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன்.

கூட்டம் கேன்டீனில் நடந்தது. நாற்பது ஐம்பது பெண்கள், எதிரே மேனேஜர். மலர் எழுந்து கைகளால் பேச, நான் குரல் கொடுத்தேன்.

"அன்னைக்கு நான் மட்டும் உள்ள இருந்தேன். ஆம்புலன்ஸ் மேல சுத்துமே, அது மாதிரி ஒரு லைட்டு ஒவ்வொரு பிரிவுலயும் வேணும். மணி அடிச்சா லைட்டும் சுத்தணும்."

மேனேஜர் குழம்பினார். "மேடம், இது நீங்க சொல்றதா, அவங்க சொல்றதா?"

"அவங்க சொல்றது, சார். நான் 'நான்'னு சொன்னா அது மலர்தான். என்னைப் பாக்காதீங்க, அவங்களைப் பாத்துப் பேசுங்க."

அவர் மலர் பக்கம் திரும்பினார். திட்டமிட்டு அலட்சியம் செய்கிற மனிதராகத் தெரியவில்லை. "பக்கத்துல இருக்கவங்க தட்டிக் கூப்பிட்டுருவாங்கல்லம்மா? அன்னைக்கும் கூப்பிட்டாங்கல்ல?"

அதற்குள் சுப்புத்தாய் அக்கா எழுந்துவிட்டார். குரலில் வருத்தம். "ஏட்டி மலரு, நான் இருக்கேன்லா? உன்ன விட்டுட்டா போனேன்?"

எல்லாவற்றையும் மலருக்குச் சைகையில் சொன்னேன். அவள் அக்காவைப் பார்த்தே பேசினாள். "அக்கா, நீங்க வந்ததாலதான் வெளிய வந்தேன். அத மறக்க மாட்டேன். ஆனா நீங்க லீவு போட்ட அன்னைக்கு? நீங்க திரும்பி வரும்போது உங்களுக்கு எதுவும் ஆயிருந்தா? என்னால உங்களுக்கு ஒண்ணு ஆகக் கூடாதுக்கா."

அக்கா அடுத்து என்ன சொல்வாரோ என்று பயந்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு மேனேஜரிடம் திரும்பினார்.

"சார், உள்ளதச் சொல்லுதேன். அன்னைக்கு எனக்கும் மணி கேக்கல. மிஷின் சத்தம் அம்புட்டு. முன்னால இருந்தவ ஓடுதா, நானும் ஓடுனேன். லைட்டு அவளுக்கு மட்டுமில்ல, எனக்கும் வேணும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தர், "எனக்கும் கேக்கல" என்றார். இன்னொருவர், பிறகு இன்னொருவர். மிஷின் ஓடும்போது உள்ளே எல்லாருமே சைகையில்தான் பேசிக்கொள்கிறார்களாம். அந்த இரைச்சலில் வேறு வழியில்லை. மணி கேட்காததை மட்டும் யாரும் இதுவரை சொன்னதில்லை. மேனேஜர் எலெக்ட்ரீசியனை வரவழைத்து அங்கேயே பேசினார். ஒரு மாதத்துக்குள் மாட்டிவிடுவதாக மலரைப் பார்த்துச் சொன்னார். கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற அவளது அடுத்த கோரிக்கைக்குப் "பாக்கலாம்" என்றார். அது இன்னும் "பாக்கலாம்"தான்.

வெளியே வந்ததும் பசி தெரிந்தது. மூன்று பேரும் புரோட்டா சாப்பிட்டோம். இருநூற்று நாற்பது ரூபாயையும் எங்களைக் கொடுக்கவிடாமல் அக்காவே கொடுத்தார். பிறகு மலரும் நானும் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பன்னிரண்டு கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கோயில் நடை நான்கு மணிக்குத் திறக்கும் என்பதால் அதுவரை பால்கோவாக் கடைகளை அளந்தோம். கால் கிலோ நூறு ரூபாய். சூடாக இருக்கும் கடையாகத் தேடி வாங்குங்கள். கோயிலில் மலர் ஒவ்வொரு தூணாக நிறுத்தி விளக்கினாள். ஆறு மணி வாக்கில், தன் ஊரான மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

காது கேளாத நண்பர்களுடன் இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பஸ் எங்கே நிற்கும் என்ற அறிவிப்பு அவர்களுக்குப் பயன்படாது. ஏறும்போதே அவர்கள் நடத்துநரிடம் ஊர்ப் பெயரை எழுதிக் காட்டி, இடம் வந்ததும் கை காட்டச் சொல்லட்டும். கடையிலோ லாட்ஜிலோ "அவங்களுக்கு என்ன வேணும்?" என்று உங்களிடம் கேட்டால், பதில் சொல்லாமல் அவர்கள் பக்கம் கையைக் காட்டிவிடுங்கள். லாட்ஜில் தங்கினால், அவசரம் என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியப்படுத்துவீர்கள் என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். நானே இதுவரை கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மலரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. மில்லில் ஒத்திகையாம். மிஷின் இரைச்சலைத் தவிர அதில் எதுவும் கேட்கவில்லை. சுவரில் விளக்கு சுழல்கிறது. பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசலை நோக்கி நடக்கிறார்கள். நடுவில் மலர். யாரும் அவள் கையைப் பிடித்திருக்கவில்லை.