பீரங்கிக்காக அழுதது யார்

என் கணவர் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறவர். கூடப்பிறந்த ராத்தாமாருக்கும் மச்சிமாருக்கும் இதில் என்மேல் கொஞ்சம் பொறாமை. தாங்கள் வாய் திறந்தாலே போனைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போகிற ஆண்களோடு அவர்கள் குடும்பம் நடத்துகிறார்கள். நான் கொடுத்து வைத்தவள் என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் கட்டாரில் வேலை. முந்திய லீவில் வந்தபோது பெட்டிக்குள் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் பொம்மைக் கிட் ஒன்று இருந்தது. பழைய காலத்து இராணுவ லொறி ஒன்று, அது இழுத்துக்கொண்டு போகும் பீரங்கி ஒன்று. லொறி ஒரு சாண் நீளம் வரும். எல்லாம் துண்டு துண்டாகச் சட்டங்களில் ஒட்டியிருக்கும். நாம்தான் வெட்டி எடுத்து, ராவி, ஒட்டி, நிறம் பூச வேண்டும். அவருடைய கம்பனியில் நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறார்களாம். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆசை மட்டும்தான் வந்தது. முதல் நாளே ஒரு சில்லைச் சரிவாக ஒட்டி, அதைக் கழற்றப் போய் அச்சை முறித்து, "இது மனிசன் செய்ற வேலயா?" என்று பெட்டியை அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார்.

எடுத்தவள் நான். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எங்கள் ஊர் கல்முனை மெயின் வீதியால் இப்படியான லொறிகள் போன சண்டைக் காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து வளர்ந்தவள் நான். பீரங்கியில் எனக்கென்ன ஆசை? ஆனால் கடுகளவு ஆணித் தலைகள்கூட அந்தப் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்ததைக் கண்டதும் கை துருதுருத்தது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். நகவெட்டியால் வெட்டினேன், ஈர்க்கில் நுனியால் பசை தொட்டேன். முறிந்த அச்சுக்கு ஊசியை ஒடித்து வைத்தேன். லொறியின் பின்பக்கத்தை மூடும் படங்கு கிட்டில் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அதை ஒதுக்கிவிட்டு, டிசுத் தாளைச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்துப் போர்த்திப் பார்த்தேன். காய்ந்ததும் சுருக்கமெல்லாம் உண்மைப் படங்கு மாதிரியே விழுந்தது. தனியாக இருந்து சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ முடிந்து வீடியோ கோல் எடுப்பார். முன்பெல்லாம் பிள்ளை எப்படி, உம்மா எப்படி, மறுகா வேறென்ன என்பதோடு கதை முடிந்துவிடும். லொறி தொடங்கிய பிறகு முடியவே இல்லை. "கமராவக் கிட்டக் கொண்டு வாங்க. இந்தத் துரு எப்பிடிப் புள்ள வந்த?" என்பார். செங்கல்லைத் தூளாக்கித் தேயிலைச் சாயத்தில் குழைத்துப் பூசினேன் என்பேன். எத்தனை தரம் பூசின, காயவிட்டுப் பூசினதா, ஈரத்திலேயே பூசினதா என்று மேலும் கேட்பார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் என் சமையலைப் பற்றிக்கூட இவ்வளவு கேட்டதில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, புதுப்பெண்ணாக இருந்த நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குக் காட்டுவதற்கென்றே சில துண்டுகளை வியாழன் வரைக்கும் ஒட்டாமல் வைத்திருப்பேன்.

பீரங்கியில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பின்னால் இரண்டு நீண்ட கால்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து மடித்தால்தான் லொறியின் கொளுக்கியில் கொழுவலாம். நான் இடக்காலை வலப்பக்கமும் வலக்காலை இடப்பக்கமும் ஒட்டிவிட்டேன். பசை இறுகிய பிறகுதான் கண்டேன். அந்த வெள்ளிக்கிழமை கோலில் என்னால் பேச முடியவில்லை, அழுதுவிட்டேன். "ஒரு பிளாஸ்டிக்குக்குப் போய் அழுறீங்களா?" என்று அவர் சிரித்தார், ஆனால் கோலை வைக்கவில்லை. சவர பிளேட்டால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால்களை முடியளவு முடியளவாக அறுத்து எடுக்கும் வரைக்கும் அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இந்த லீவில் வந்த இரண்டாம் வாரம், "நாளைக்கு ஒரு கூட்டாளி வாறார். லொறியப் பாக்கணுமாம்" என்றார். அவரோடு கட்டாரில் வேலை செய்து, இப்போது நாட்டோடு நின்றுவிட்ட காத்தான்குடிக்காரர். மனைவியோடு அறுகம்பேக் கடற்கரைக்குப் போகிற வழியில் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இறைச்சி ஆக்கினேன், சுறாமீனை உதிர்த்து வறை செய்தேன். சோகேஸில் இருந்த லொறியையும் பீரங்கியையும் எடுத்து, பழைய மேக்கப் பிரஷால் தூசி தட்டி, நடு மேசையில் வைத்தேன். யார் செய்தது என்று கேட்பார்கள், அவர் உள்ளே கையைக் காட்டுவார், நான் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்று, "அது சும்மா, பொழுது போகல்ல" என்று சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

வந்தவரின் மனைவி உள்ளே வந்து என்னோடு உட்கார்ந்தார். "மாஷா அல்லாஹ், ஒங்கட மனிசன்ட கை பொன்னான கை. எங்கட ஊட்ட உள்ளவருக்கு போன்ல வந்த படத்தப் பாத்துப் பாத்துப் பொறாம" என்றார். விளங்காமல் சொல்கிறார், பாவம் என்று நினைத்தேன். அதற்குள் திரைக்கு வெளியே என் கணவரின் குரல் கேட்டது.

"படங்கு கிட்டுல வந்தது சரியில்ல மச்சான். நான் டிசுவக் கஞ்சில தோச்சுப் போட்டன்."

தடுமாறுவார், தடுமாறினால் என் பேரைச் சொல்லிச் சிரித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் தடுமாறவில்லை. துருவை எத்தனை தரம் பூசுவது, ஊசியை எந்த நீளத்தில் ஒடிப்பது, எல்லாவற்றையும் நான் சொன்ன மாதிரியே, நான் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னார். நான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அவர் பாடமாக்கியிருக்கிறார். பிறகு பீரங்கிக்கு வந்தார்.

"இந்தக் காலுகள மாறி ஒட்டிட்டன். பசையும் இறுகிட்டு. சொன்னா நம்ப மாட்டீங்க, அழுதுட்டன் மச்சான்."

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே அவர் மனைவியும் சிரித்தார். லொறியை எடுத்துக்கொண்டதைக்கூட நான் பொறுத்திருப்பேன். ஆண்பிள்ளை, கூட்டாளிக்கு முன்னால் கொஞ்சம் பெருமையடித்தார் என்று விட்டிருப்பேன். என் அழுகையை எடுத்துக்கொண்டாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது அவருக்கு மட்டும் நான் காட்டியது.

வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். வந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு முன்னால் வீட்டுக்காரனைப் பொய்யனாக்கினால் அந்த மானக்கேட்டில் பாதி எனக்குத்தான். இது எனக்குச் சீதனமாக வந்த வீடு. என் வீட்டில், என் மேசையில் வைத்து என்னை இல்லாமலாக்கினார். நான் பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்குச் சுறா வறையை இன்னொரு கரண்டி போட்டுக் கொடுத்தேன்.

சாப்பாடு முடிந்தது. வந்தவருக்கு லொறியைவிட்டுக் கண் எடுக்க மனமில்லை. "புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க மச்சான்" என்றார் இவர். விருந்தாளிக்கு இப்படிச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான்; ஆனால் அது மாங்காய்க்கும் வாழைக்குலைக்கும் சொல்கிற பேச்சு. அவர் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே சம்மதித்துவிட்டார். "புள்ள, ஒரு சப்பாத்துப் பெட்டியும் பஞ்சும் கொண்டு வாங்க" என்று இவர் கூப்பிட்டார்.

திரையை விலக்கிப் பார்த்தேன். என் கணவர் லொறியைப் படங்கில் பிடித்துத் தூக்கப் போனார். கஞ்சித் தாள், தொட்டால் நொறுங்கிவிடும். அதுகூடத் தெரியாது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போய் அவர் கையைத் தள்ளிவிட்டு, அடியில் கை கொடுத்து லொறியைத் தூக்கினேன்.

வந்தவர் பதறிப்போனார். "பாத்து, தங்கச்சி, பாத்து. ஒங்கட மனிசன் எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சது."

நான் லொறியைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவுக்குப் பிறகும், இப்போது சொல்லிவிடுவார் என்றுதான் நம்பினேன். அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"ஓம், கவனமாப் புடிங்க" என்றார்.