மருந்துப் போத்தலில் முகத்தண்ணி

அறுபதுகளின் தொடக்கத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. முகம் முழுக்கப் பரு. பனிக்கு முகம் வெடிக்காமலிருக்க மற்றப் பெண்கள் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். எனக்கு அந்தச் செலவே இல்லை. பத்து மணிக்கெல்லாம் என் நெற்றியில் வடை சுடலாம்.

யாரோ சொன்னார்களென்று எலுமிச்சைச் சாற்றைப் பூசினேன். மிளகாய் அரைத்து அப்பியது போல எரிந்தது. இரண்டு நாள் முக்காடு போட்டுக்கொண்டே கொழுந்து மலைக்குப் போனேன். என் தோலும் என்னைப் போலத்தான், சட்டென்று கோபம் வந்துவிடும். அதனால் எதையும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்கப் பழகினேன்.

என் முகத்துக்கு ஒத்துவரும் தண்ணி ஒன்றைக் கலந்தெடுக்க மூன்று மாதம் ஆயிற்று. பாலும் சீனியும் போடாத தேயிலைச் சாயத்தண்ணியை ஆறவைத்து வடித்தேன். கற்றாழைச் சோற்றை மஞ்சள் பால் போகும்வரை ஏழு தண்ணீரில் கழுவிப் பிசைந்து, துணியில் பிழிந்து சேர்த்தேன். டவுன் கடைப் பன்னீர் கொஞ்சம். தோட்டத்து டிஸ்பென்சரியில் கெஞ்சி வாங்கிய கிளிசரின் சில சொட்டு. அது கூடினால் முகம் பிசுபிசுக்கும், குறைந்தால் தோல் இழுக்கும். ஒரு வாரத்தில் கெட்டுவிடும் என்பதால் ஞாயிறுதோறும் புதிதாகக் கலக்குவேன். ஊற்றிவைக்க வேறு போத்தல் ஏது? வேளைக்கு எவ்வளவு குடிப்பதென்று காட்டும் காகிதம் ஒட்டிய மருந்துப் போத்தல்தான்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். மலையில் அடுத்த நிரை, வீட்டில் ஒரே சுவர். அவளுக்கும் என் மாதிரியே முகம். வாரம் ஒரு போத்தல் அவளுக்கும் கொடுப்பேன். எப்படிக் கலக்குவதென்று கேட்டால், "அதெல்லாம் கைப்பக்குவம்டி, ஒனக்கு வராது" என்பேன். அவள் என்னைத் தேடி வருவது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

முகம் தெளிந்த பிறகு லிந்துலைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். யாரோ சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பிடித்துப்போயிற்று. அவரைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருபவர்கள் நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் லயத்துப் பீலியில், தண்ணீர் பிடிக்க நிற்கும் பெண்களிடம் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் அத்தையும் அப்படித்தான் வந்து விசாரித்தாராம். விசாரித்தவர் எங்கள் வீட்டுப் படி ஏறாமலே திரும்பிவிட்டார். மறுநாள் தரகர் வந்து அம்மாவிடம் சொன்னார்: "புள்ளைக்கு மூஞ்சில தீராத வியாதியாமே. டிஸ்பென்சரி மருந்து பூசித்தான் மறைக்குதாம். போத்தலையே கண்ணால பாத்துட்டுப் போயிருக்காங்க."

என் போத்தல் சாமி மாடத்துக்குப் பின்னால் இருந்தது. வெளியே போனது அவளுக்குக் கொடுத்த போத்தல் மட்டும்தான்.

பீலிக்கு ஓடினேன். அவள் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாங் குடுத்த போத்தலையே காட்டுனியாடி?"

அவள் மறுக்கவில்லை. "நீ லிந்துலைக்குப் போயிட்டா எனக்கு யாரு கலக்கித் தருவா? கேட்டா கைப்பக்குவம்னு சொல்லுவ. இந்த ஒரு எடம் தள்ளிப்போனா என்னான்னு நெனச்சேன். ஒனக்கென்ன, வேற மாப்ளையா கெடைக்காது?"

அறைந்திருப்பேன். கை எழவில்லை. எங்களைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படி, சாயத்தண்ணியிலிருந்து கடைசிச் சொட்டு வரை, ஒன்றைக்கூட மறைக்காமல் அளவுகளோடு சொன்னேன். இனி அவள் என்னைத் தேடி வர ஒரு காரணமும் இருக்கக்கூடாது. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சொல்லி முடித்ததும் தலை நிமிர்ந்தாள்.

"கிளிசரின் நாலு சொட்டுன்னா சொன்ன, அஞ்சா?"

அதுவரை, அவள் மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.