ரெண்டு பொட்டலத்தையும் மாடு தின்னுடுச்சு

விளக்கு பூஜைக்கு வந்திருக்கிற அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். அம்மன் உங்களுக்குச் செஞ்சதை நீங்கள்லாம் கண்ணீரோட சொன்னீங்க. எனக்குக் கோவத்தோடதான் சொல்ல வரும், பொறுத்துக்குங்க.

நான் ஸ்ரீரங்கத்துப் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி துவாக்குடியில ஒரு கம்பெனியில வேலை பார்த்தேன். அங்க இருந்த சேகரை உசுரா விரும்பினேன். வீட்டுல சொன்னதும் ஒரே ரகளை. கடைசியில அப்பா, "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுடுவோம்"னாரு. சேகருக்கு வெள்ளைப் பூ, வீட்டுல பார்த்து வச்சிருந்த மன்னார்புரம் மாப்பிள்ளைக்குச் சிவப்புப் பூ. தனித்தனியா இலையில மடிச்சு, கொள்ளிடக் கரையில இருக்கிற நம்ம அம்மன் காலடியில போட்டாங்க. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒண்ணை எடுத்துச்சு. சிவப்பு. முடிஞ்சுது என் கதை.

மாப்பிள்ளை கணேசன், மிக்ஸி ரிப்பேர் கடை. கெட்ட மனுஷன் இல்லைங்க, அதுதான் எரிச்சலே! சண்டை போடவாவது ஒரு காரணம் வேணாமா? வாயே திறக்க மாட்டார். சாம்பார்ல உப்பு இல்லைன்னாலும் சாப்பிடுவார், உப்பு கரிச்சாலும் சாப்பிடுவார். ஊரு மிக்ஸியெல்லாம் ஓடும், எங்க வீட்டு மிக்ஸி மட்டும் ஓடாது. அன்னிக்கு வெள்ளை வந்திருக்கக் கூடாதான்னு நினைக்காத நாளே இல்லை. "நீ எடுத்துக் குடுத்த லட்சணத்தைப் பாரு!"ன்னு அம்மனைத்தான் திட்டுவேன்.

போன ஆடியில தில்லை நகருக்குப் பல் பிடுங்கப் போனேன். அங்க சேகர் பொண்டாட்டியோட உக்காந்திருந்தான். அவ ஏதோ சொல்ல, இவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். என்னைப் பார்த்து "நல்லாருக்கியா?"ன்னான். அவ்ளோதான், திரும்ப அவகிட்டப் பேசப் போயிட்டான். வீட்டுக்கு வந்து அழுதேன் பாருங்க, அப்படி ஒரு அழுகை. இவர் என்னன்னு கேக்கலை. ஐஸ்கிரீம் வாங்கி ஃபிரிட்ஜுல வச்சுட்டுக் கடைக்குப் போயிட்டார்.

மறுநாளே பையைக் கட்டிட்டேன். ஆனா அம்மனைக் கேக்காமப் போக மனசு வரலை. இவரோட இருக்கணும்னா சிவப்பு, விட்டுட்டுப் போகணும்னா வெள்ளை. நானே மடிச்சுக் கொண்டுபோய் அம்மன் வாசல்ல போட்டேன். "தாயே, இத்தனை வருஷம் நீ சொன்னபடி இருந்தேன். இன்னிக்கு வழி காட்டலைன்னா உன் வாசலை மிதிக்க மாட்டேன்"னு கண்ணை மூடி வேண்டினேன். கண்ணைத் திறந்தா, ரெண்டு பொட்டலத்தையும் ஒரு மாடு மென்னுக்கிட்டு நிக்குது!

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "நல்லாயிருக்குடி உன் நியாயம்!"னு கத்திட்டேன். பின்னாடி பைக் சத்தம். இவர்தான். கட்டி வச்ச பையைப் பார்த்துட்டுத் தேடி வந்திருக்கார். சேகர், பூ, மாடு, எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தேன். மனுஷன் மாட்டை ஒரு பார்வை பார்த்துட்டு என் பக்கம் திரும்பினார்.

"பூக் கேட்ட விஷயமே எனக்குத் தெரியாது. எனக்கு உன்னைப் பிடிச்சிருந்துச்சு. அன்னிக்கே உன்னைக் கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். என்கூட இருக்கியா?"

எங்க அப்பா கேக்கலை, அம்மா கேக்கலை. சேகர்கூட "உங்க வீட்டுல என்ன முடிவு?"ன்னுதான் கேட்டான். யாருமே என்கிட்டக் கேக்காததை, அம்மன் வாசல்ல வச்சு இந்த வாயில்லாப் பூச்சி கேட்டுச்சு. ஓன்னு அழுதுட்டேன். "முதல்ல மிக்ஸியை ரிப்பேர் பண்ணுங்க, அப்புறம் சொல்றேன்"னேன்.

மிக்ஸி ஓடுது. நானும் இருக்கேன். யாரும் எடுத்துக் குடுத்து இல்லைங்க, என் வாயால சரின்னு சொல்லி இருக்கேன். வெள்ளிக்கிழமை தவறாம விளக்கு ஏத்துறேன், அந்த மாட்டுக்கும் அகத்திக்கீரை போடுறேன்.

அம்மனை நம்புங்க. மனசுல இருக்கிறதைக் கொட்டுங்க, திட்டக்கூடத் திட்டுங்க, கோவிச்சுக்க மாட்டா. ஆனா வீட்டுல கல்யாண வயசுல பொண்ணு இருந்தா, அம்மன்கிட்டப் பூக் கேக்கிறதுக்கு முன்னாடி பொண்ணைக் கேளுங்க.